பிட்சைக்குப் போகப் பிறந்த பாட்டு... திருவண்ணாமலையின் 'கொயர்' கதை தெரியுமா?

கிறிஸ்துமஸ் நேரத்தில் சர்ச் கொயர் கேட்டிருக்கீங்களா? சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என நான்கு விதக் குரல்களும் சேரும் இடத்தில் சிலிர்த்துப்போகும். அப்படி எல்லோரும் சேர்ந்து பாடும் பாட்டு ஒன்று திருவண்ணாமலையிலும் இருக்கு. பெயர், 'அருணாசல அக்ஷரமணமாலை'. அது பிறந்ததற்கு பக்தி மட்டும் காரணமில்லை, பசியும்தான்!

பாட்டுதான் ஐடி கார்டு!

ரமண மகரிஷி 1899 முதல் 1916 வரை மலைமேல் விரூபாட்ச குகையில் இருந்தார். கூட இருந்த அன்பர்கள் ஊருக்குள் இறங்கி, பாடிக்கொண்டே பிட்சை எடுத்து வருவார்கள். அதுதான் எல்லோருக்கும் சாப்பாடு. 'ரமணருக்கு' என்றால் வீடுகளில் தாராளமாகப் போடுவார்கள். இதைத் தெரிந்துகொண்ட வேறு சிலரும், அவருடைய ஆட்கள்போலவே வந்து வாங்கிப்போக ஆரம்பித்தார்கள்.

'நமக்குன்னு தனியா ஒரு பாட்டு வேணும்' என்று அன்பர்கள் கேட்டார்கள். தேவாரம், திருவாசகம் எல்லாம் இருக்கும்போது புதுசு எதற்கு என்று ரமணர் முதலில் எழுதவில்லை. பிறகு, ஒருநாள் கிரிவலம் போகும்போது கண்ணீரோடு அந்தப் பாட்டு பிறந்தது என்கிறார்கள். மொத்தம் 108 கண்ணிகள். தெருமுனையில் அந்தப் பாட்டு கேட்டாலே, வருவது யாரென்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

ஏன் சுலபமா ஒட்டிக்குது?

கண்ணி என்றால் இரண்டு குட்டி அடிகள். கண்ணிகள் அகரவரிசையில் வருவதால், அடுத்தது என்ன என்று ஞாபகம் வைப்பது சுலபம். நடுநடுவே பல்லவி திரும்பத் திரும்ப வரும். பாட்டே தெரியாதவர்கூட அந்த இடத்தில் சேர்ந்துக்கலாம்.

சேர்ந்து பாடும்போது உடம்புக்குள்ளும் ஒன்று நடக்கிறது. பாட்டின் அடி முடியும் இடத்தில்தான் எல்லோரும் மூச்சு வாங்குவோம். மூச்சு ஒன்றானால், இதயத்துடிப்பின் ஏற்ற இறக்கமும் ஒத்துப்போகத் தொடங்குகிறது. ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வில் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

அந்த ஏப்ரல் இரவு

1950 ஏப்ரல் 14. ரமணரின் கடைசி நிமிடங்கள். அறைக்கு வெளியே இருந்த அன்பர்கள் பாடியதும் இதே பாட்டுதான். அதைக் கேட்டு அவர் கண் திறந்தார். கண்ணோரம் நீர் வழிந்தது என்கிறார்கள் உடனிருந்தவர்கள். இரவு 8.47 மணிக்கு மூச்சு அடங்கியது. ஒருகாலத்தில் அவருக்குச் சோறு கொண்டுவந்த பாட்டு, கடைசியில் அவரை வழியனுப்பியது.

ரமணாஸ்ரமத்தில் மாலை நேரத்தில் தமிழ்ப் பாராயணம் உண்டு. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்து, ரமணரின் பாடல்களை மாறி மாறிப் பாடுவார்கள். மேடை கிடையாது, டிக்கெட் கிடையாது. அடுத்தமுறை கிரிவலம் போனால், போனை சைலன்ட்டில் போட்டுட்டு அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்க. குரல் நல்லா இல்லையேன்னு யோசிக்காதீங்க. பிட்சைக்குப் போனவங்களும் பாடகர்கள் இல்லையே!