தினம் ஒன்பது கிலோ மாதுளை!

‘ஹீமோகுளோபின் ஒன்பதுதான் இருக்கு’ என்று கர்ப்பமாக இருக்கும் மனைவியின் ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டரம்மா சொல்லிவிட்டால் நம்ம ஆள் என்ன செய்வார்? ஆபீஸ் விட்டதும் நேரே பழக்கடை. ‘நல்லா செவப்பா பார்த்துப் போடுப்பா’ என்று இரண்டு கிலோ மாதுளை. கூடவே ஆப்பிள். சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தமாகிவிடும் என்பது கணவன்மார்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. (இதில் பாவம், பீட்ரூட்டும் தப்பவில்லை!)

பி.காம். படித்த பாவத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கர்ப்பிணிக்குத் தினமும் 27 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில். 100 கிராம் மாதுளை முத்தில் இருப்பதோ சுமார் 0.3 மில்லிகிராம். ஆக, நாளொன்றுக்கு ஒன்பது கிலோ முத்து! உரித்துக் கொடுக்கவே தனியாக ஆள் போட வேண்டும். ஆப்பிள் அதைவிட மோசம். பேரீச்சம்பழம், உலர்திராட்சை தேவலை. ஆனாலும் 100 கிராமுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம்தான் தேறும்.

அப்போ பழமே வேண்டாமா? வேணும் சார்! ஆனால் அதன் உத்தியோகம் வேறு. கீரை, பயறு, மாத்திரை எல்லாவற்றிலும் இருக்கிற இரும்பு வயிற்றுக்குள் போனாலும் முழுசாக வரவு ஆகாது. பெரும்பகுதி அப்படியே வெளியேறிவிடும். கூடவே வைட்டமின் சி இருந்தால்தான் குடல் அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். அந்தச் சத்து எக்கச்சக்கமாக இருப்பது எதில் தெரியுமா? ஆபீஸ் வாசலில் தள்ளுவண்டியில் நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்காத கொய்யாவில்! ஆரஞ்சைப்போல நாலு மடங்கு. நெல்லிக்காயும் லேசுப்பட்டதல்ல. கீரைக் கூட்டில் எலுமிச்சை பிழிந்தாலும் சரிதான். கொய்யாவை வீட்டில் கழுவி நறுக்கிக் கொடுங்கள். வண்டிக்காரர் தூவும் மிளகாய்ப்பொடி உங்களோடு நிற்கட்டும்.

வில்லன் யார் என்றால், நம்ம காபி, டீ. சாப்பிட்ட கையோடு ஒரு டம்ளர் உள்ளே போனால் இரும்பை உறிஞ்சவிடாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

நிஜமான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ‘மாத்திரை போட்டா குமட்டுது, வெளிக்குக் கறுப்பா போகுது... அதான் நிறுத்திட்டு ஜூஸ் குடுக்கறோம்’ என்று சொல்கிற வீடுகள் ஏராளம். கறுப்பாகப் போவது சகஜம், பயப்பட வேண்டாம். குமட்டினால் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு மாத்திரை தருவார். அரசு தரும் மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. எந்தப் பழமும் அதற்கு ஈடாகாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் 100-க்கு 52 பேருக்கு ரத்தசோகை. 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். 7-க்குக் கீழே என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் கூடுதலாகப் போனாலும் அந்த உடம்பு தாங்காது.

சர்க்கரை இருக்கிறவர்களுக்கு ஜூஸ் வேண்டாம். எந்தப் பழம், எவ்வளவு என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இரும்பு மாத்திரையைப் பாலோடு கொடுக்கிற வழக்கத்தை விடுங்கள். கால்சியம் மாத்திரையையும் அதோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். இரண்டு மணி நேரமாவது தள்ளிக் கொடுங்கள். அதற்கு ஆபீஸிலிருந்து ஒரு போன் போட்டு ஞாபகப்படுத்தினால் போதும், மாதுளைக் காசு மிச்சம்!