கோடே போடாம ஒரு டம்ளர் வரைய முடியுமா? கரி ஓவியம் சொல்லித் தரும் பாடம்

"எனக்கு டிராயிங் எல்லாம் வராதுங்க" என்று சொல்பவரா நீங்கள்? நானும் அதே கட்சிதான். வீட்டில் இருந்த எவர்சில்வர் டம்ளரை பென்சிலால் வரைந்து அம்மாவிடம் காட்டினேன். "என்னடி இது, பக்கெட்டா?" என்றார்.

பிரச்னை கையில் இல்லை, கண்ணில். 'டம்ளர்னா இப்படித்தான் இருக்கும்' என்று மூளை வைத்திருக்கும் படத்தையே வரைந்துவிடுகிறோம். இந்தப் பழக்கத்தை மாற்ற கரி உதவும். கரிக்குச்சியைப் படுக்கவைத்துத் தேய்த்தால் கோட்டுக்குப் பதில் நிழல் விழும். பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூரா (1859-1891) கருப்பு கான்டே கிரேயானில் வரைந்த பல படங்களில், வெளிக்கோடே இல்லாமல் நிழலிலிருந்துதான் உருவங்கள் தெரியும்.

என்ன வாங்கணும்?

* வில்லோ சார்கோல்: காற்று அதிகம் படாமல் சுட்ட குச்சி. துணியால் துடைத்தாலே பெரும்பாலும் போய்விடும்.
* கம்ப்ரெஸ்டு சார்கோல்: கரித்தூளைப் பசையோடு அழுத்திச் செய்தது. அடர் கருப்பு. அழிப்பது கஷ்டம், அதனால் கடைசியில் மட்டும்.
* மாவு போலப் பிசையக்கூடிய நீடட் எரேசர், கொஞ்சம் சொரசொரப்பான பேப்பர்.

எப்படி வரையணும்?

1. ஒரு பக்கமிருந்து ஒரே ஒரு விளக்கு. மற்றதை அணைத்துவிடுங்கள்.
2. முதலில் முட்டை. வெளிச்சப் புள்ளி, நடு டோன், அடர் நிழல், அதன் ஓரத்தில் மேஜையிலிருந்து திரும்பி வரும் மங்கலான வெளிச்சம், மேஜையில் விழும் நிழல். இந்த ஐந்தையும் தேடுங்கள்.
3. கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். சின்ன விவரங்கள் மறைந்து, வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியும்.
4. பேப்பர் முழுக்க வில்லோ கரியைத் தேய்த்து சாம்பல் நிறமாக்குங்கள். இருட்டுக்கு மேலும் கரி. வெளிச்சத்துக்கு எரேசரால் ஒற்றி எடுங்கள். தூளை ஊதாதீங்க, பேப்பரைத் தட்டினால் போதும்.
5. பொருளையும் படத்தையும் மொபைலில் பிளாக் அண்ட் ஒயிட்டில் எடுத்து ஒப்பிடுங்கள். எங்கே தப்பு என்று சட்டென தெரிந்துவிடும்.

அடுத்து டம்ளர். முட்டையில் டோன் மெல்ல மாறும். எவர்சில்வரில் வெள்ளைக்குப் பக்கத்திலேயே கருப்பு நிற்கும். 'சில்வர்தானே' என்று சாம்பலைப் பூசினால் மறுபடி பக்கெட்தான்!

நான்காவது முயற்சியைப் பார்த்ததும் அம்மா சொன்னார்: "இது தாத்தா டம்ளர்ல? நசுங்கின இடம் அப்படியே இருக்கே."

அந்த நசுங்கலுக்கு நான் கோடே போடவில்லை. ஒரு திட்டு இருட்டு, பக்கத்தில் ஒரு கீற்று வெளிச்சம், அவ்ளோதான். இத்தனை வருஷம் அதில் காபி குடித்திருக்கிறேன். நசுங்கல் இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.