ஏழு நாளில் வெளுக்கும் கிறீம்

பெருநாள் நெருங்கினாலும் கலியாணக் காலம் வந்தாலும் என் கடையில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "ராத்தா, ஏழு நாளில வெளுக்கிற கிறீம் இருக்கா?" இல்லை என்பேன். கேட்ட பிள்ளை நம்பமாட்டாள். வளையல், ஹிஜாப் பின், லிப்ஸ்டிக், கண்மை என்று இவ்வளவும் அடுக்கியிருக்கிற கடையில் அது மட்டும் எப்படி இல்லாமல் போகும்?

எங்கள் ஊரான சிலாவத்துறைக்கு அது கடை வழியாக வருவது குறைவு. வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்புகிறவர்களின் பெட்டிக்குள் வரும். புறக்கோட்டையில் எடுத்து வந்து வீடு வீடாக விற்பவர்களும் இருக்கிறார்கள். இப்போது போனில் படம் பார்த்தே ஓடர் போடுகிறார்கள். அரிப்பு, கொண்டச்சிப் பக்கத்துப் பிள்ளைகள் தீர்ந்துபோன டப்பாவைக் காட்டி, "இதே மாதிரி இன்னொண்டு" என்பார்கள். திருப்பிப் பார்ப்பேன். என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று இருக்காது, செய்தவர் முகவரி இருக்காது. மூடியில் ஒரு வெள்ளைக்காரி மட்டும் சிரித்துக்கொண்டிருப்பாள்.

"ஆனா நல்லா வேலை செய்யுது ராத்தா." எனக்குப் பயமே அந்தப் பேச்சில்தான். தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனின். அதை உடல் உண்டாக்க டைரோசினேஸ் என்ற நொதியம் வேண்டும். இப்படியான கிறீம்களில் கலக்கிற பாதரசம் அந்த நொதியத்தை முடக்கிவிடும். மெலனின் குறையும், முகம் வெளுக்கும். வேகமாக வெளுக்கவைக்கிற மலிவான சரக்கு என்பதால்தான் கலக்கிறார்கள். ஆனால் அது முகத்தோடு நிற்பதில்லை. தோல் வழியாக இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய்த் தங்கும். ஆவியாகவும் கிளம்பும். துவாயிலும் தலையணையிலும் ஒட்டி, கிறீமைத் தொடாத பிள்ளைக்கும் போய்ச் சேரும்.

கேரளத்தில், மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில் நடந்தது இதற்கு நல்ல சாட்சி. சிறுநீரில் புரதம் போய், கால் வீங்கி வந்த நோயாளிகளை அங்குள்ள ஆஸ்டர் மிம்ஸ் ஆஸ்பத்திரி வைத்தியர்கள் சோதித்தார்கள். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை வந்த ஒருவகைச் சிறுநீரக நோயாளிகள் 22 பேர். அதில் 15 பேருக்கு நெல்-1 என்ற அரிய அடையாளம் இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெளுக்கும் கிறீம் பூசியவர்கள். கிறீமை நிறுத்தியதும் பெரும்பாலானோர் தேறினார்கள் என்பதுதான் ஆறுதல்.

பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா ஒப்பந்தம் 2017இல் நடைமுறைக்கு வந்தது; இலங்கையும் அதில் இருக்கிறது. முதலில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்ற எல்லை வைத்தார்கள். 2023இல் அந்த எல்லையையும் எடுத்துவிட்டு, பாதரசம் சேர்த்த அழகுசாதனம் 2025க்குப் பின் வேண்டவே வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். உலகெங்கும் பிடிபட்ட கிறீம்கள் பலதில் கிலோவுக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம் இருந்திருக்கிறது. கைதவறிக் கலந்தது என்று யாரும் சொல்ல முடியாது. நம் நாட்டில் 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே அழகுசாதனம் இருந்தது. அதற்குப் பதிலாக 2015இல் வந்த தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபைச் சட்டம் பேசுவது மருந்து, மருத்துவ சாதனம், இரண்டுக்கும் இடைப்பட்ட பொருட்கள் பற்றி. பெயரிலிருந்து அழகுசாதனம் போய்விட்ட இந்த மாற்றம் எனக்குப் பிடிக்கவில்லை.

லிப்ஸ்டிக்கில் ஈயம் இருக்கிறதே என்று படித்த பிள்ளைகள் கேட்பார்கள். இருக்கிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 400 லிப்ஸ்டிக்குகளைச் சோதித்ததில் சராசரி கிலோவுக்கு 1.11 மில்லிகிராம், கூடியது 7.19. முகவரியோடு வருகிற லிப்ஸ்டிக்குக்காக நான் தூக்கம் கெடுவதில்லை.

சுர்மா என்ற கண்மை வேறு கதை. ஹஜ்ஜுக்குப் போனவர்கள் பேரீச்சம்பழத்தோடு கொண்டுவந்து தருவார்கள். பிறந்த பிள்ளையின் கண்ணுக்கு இடுவார்கள். வேண்டாம் என்றால் மூத்த பெண்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள், மார்க்கத்தையும் இழுப்பார்கள். மார்க்கத்தில் இத்மித் என்று சொல்லிவருவது அஞ்சனக்கல். ஆனால் சந்தையில் விற்பதில் பலதும் ஈயக்கல்லை அரைத்தது. 2011இல் அமெரிக்காவின் பொஸ்டனில் ஒரு கைக்குழந்தையின் இரத்தத்தில் ஈயம் கண்டுபிடித்தார்கள். நைஜீரியாவிலிருந்து வந்த கண்மைதான் காரணம், அதில் 82.6 வீதம் ஈயம்! குழந்தை கண்ணைக் கசக்கும், அதே விரலை வாயில் வைக்கும். ஈயம் மூளைக்குப் போக அது போதும். நெற்றிக்கு இடும் செந்தூரத்திலும் இதே சந்தேகம் உண்டு; மஞ்சளில் செய்த குங்குமம் என்று தெரிந்தால் மட்டும் வாங்கி விற்கிறேன்.

வெளுக்கும் கிறீம் பூசுகிறவர்கள் இன்றைக்கே நிறுத்துங்கள். சிறுநீர் நுரைத்துப் போனாலோ முகமும் காலும் வீங்கினாலோ ஆஸ்பத்திரிக்குப் போகும்போது டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் வைத்தியர் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார். மிச்சத்தை வளவில் குப்பையோடு போட்டு எரிக்காதீர்கள், பாதரசம் புகையோடு வீட்டுக்குள்ளேயே திரும்பி வரும். பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, பிள்ளைகள் கைபடாத இடத்தில் வைத்துவிட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.