கத்தோலிக்கப் பாடசாலைகளும் பிற சமயப் பிள்ளைகளும்

முதலாம் தர அனுமதிக் காலம் நெருங்கும் போதெல்லாம் எமது வீடுகளில் ஒரு விவாதம் எழுவதுண்டு. நகரத்திலுள்ள கத்தோலிக்கப் பாடசாலைக்கு விண்ணப்பிப்பதா, வேண்டாமா என்பதே அது. ஒழுக்கம் நன்று, ஆங்கிலம் நன்று, மைதானமும் ஆய்வுகூடமும் உண்டு என்று ஒருவர் கூறுவார். "பிள்ளை வேதத்துக்குப் போய்விடாதா?" என்று வீட்டின் மூத்தவர் ஒருவர் கேட்பார். முஸ்லிம் வீடொன்றில் இதே கேள்வி வேறு உருவில் வரும். ஜும்ஆவுக்கு விடுவார்களா, இஸ்லாம் பாடத்துக்கு மௌலவி ஆசிரியர் இருக்கிறாரா, மகளின் சீருடையில் தலை மறைக்க இடமுண்டா என்று தாய் விசாரிப்பார். பெரும்பாலான வீடுகளில் இக்கேள்விகளுக்கு விடை காணப்படுவதில்லை. பெறுபேறுகளைப் பார்த்துவிட்டு விண்ணப்பப் பத்திரத்தை நிரப்பிவிடுகிறோம்.

இந்த அச்சம் இன்று நேற்று தோன்றியதல்ல. யாழ்ப்பாணத்து மெதடிஸ்த பாடசாலையில் கற்று அங்கேயே கற்பித்தும் வந்த ஆறுமுக நாவலர், 1848 ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியமைக்கு இந்த அச்சமே காரணம். மிஷன் பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்புவதைவிடக் கல்வியின்றி இருப்பதே மேல் என்று ஒதுங்கியிருந்த முஸ்லிம் சமூகத்தைச் சித்தி லெவ்வை தட்டியெழுப்பியதும் இதே பின்னணியிலேயே ஆகும். 1884 இல் கொழும்பில் ஆரம்பமான மத்ரஸா 1892 இல் ஸாஹிராவாக மலர்ந்தது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கத்தோலிக்கரும் இதே அச்சத்தினாலேயே பாடசாலை கட்டப் புறப்பட்டனர். தம் பிள்ளைகள் புரட்டஸ்தாந்து மிஷன் பாடசாலைகளில் சேர்ந்து தம் விசுவாசத்தை இழந்துவிடுவர் என்று ஆயர்கள் அஞ்சினர். 1850 இல் தொடங்கி 1881 இல் புனித பத்திரிசியாரின் பெயரைப் பெற்ற யாழ்ப்பாணக் கல்லூரியும், 1862 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த திருக்குடும்பக் கன்னியர்களின் மகளிர் பாடசாலையும் அவ்வாறு எழுந்தவையே.

ஆகவே, ஒரு கத்தோலிக்கப் பாடசாலை தன் சமயத்தைப் பேணுவதற்காகவே பிறந்தது என்பதை நாம் மறத்தலாகாது. அது குற்றமன்று. ஆனால் அதே பாடசாலை பிற சமயத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. அரசாங்கத்தின் நன்கொடைப் பணத்தையும் பெற்றது. பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

பொதுப்பணத்தில் இயங்கும் பாடசாலை ஒரு மதத்தின் கையில் இருக்கலாமா என்ற கேள்வி, சுதந்திரத்துக்குப் பின்னர் வலுத்தது. திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தாலும் 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டத்தாலும் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் கலாநிதி பதியுதீன் மஹ்மூத். கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் புகுந்து இரவு பகலாகக் காவலிருந்தனர். இந்தியாவிலிருந்து கர்தினால் வலேரியன் கிராசியஸ் வந்து சமரசம் பேசும் அளவுக்கு நிலைமை முற்றியது. இச்சட்டத்தில் நியாயமும் இருந்தது, பெரும்பான்மைவாதத்தின் வாடையும் இருந்தது என்பதே எமது கருத்து. சைவ வித்தியா விருத்திச் சங்கத்தின் பாடசாலைகளும் இதே அலையில் அரசிடம் போயின என்பதைப் பலர் இன்று நினைப்பதில்லை.

அரசிடம் ஒப்படைக்க விரும்பாத சில பாடசாலைகளுக்கு மட்டும் ஒரு வழி விடப்பட்டது. நன்கொடையும் இல்லை, மாணவரிடம் கட்டணமும் அறவிடலாகாது. பழைய மாணவரின் காணிக்கையிலும் களியாட்ட விழாக்களின் வருமானத்திலும் பல ஆண்டுகள் அவை தள்ளாடின. பின்னர் ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் ஏற்றுக்கொள்ளும் நிலை வந்தது. அரச உதவி பெறும் தனியார் பாடசாலைகள் என்று நாம் இன்று அழைப்பவை இவையே. யாழ்ப்பாணத்துப் புனித பத்திரிசியார் இவ்வகையைச் சேர்ந்தது. மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியோ அரசாங்கத்தின் கைக்கு மாறி, இன்று தேசிய பாடசாலையாக விளங்குகின்றது. பெயர்ப்பலகையில் புனிதரின் பெயர் இருப்பதால் மட்டும் ஒரு பாடசாலையை இன்னும் திருச்சபை நடத்துகிறது என்று எண்ணிவிடக் கூடாது. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது பெற்றோருக்கு அவசியம். அரசு பொறுப்பேற்ற பாடசாலைகளில் முதலாம் தரத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும்போது, பொறுப்பேற்ற காலத்தில் அங்கிருந்த சமய விகிதாசாரத்தைக் கவனத்திற் கொள்ள வேண்டும் என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை கூறுகின்றது. அறுபது வருடங்களுக்கு முந்திய வகுப்பறையின் நிழல் இன்றைய பிள்ளையின் அனுமதியில் விழுகின்றது.

இனி, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கத்தோலிக்க மாணவருக்குச் சமயம் பாடவேளையோடு முடிவதில்லை. காலைச் செபம், மாதத்தின் முதல் வெள்ளித் திருப்பலி, ஒக்டோபரில் செபமாலை, தவக்காலத்தில் சிலுவைப்பாதை, மேல்வகுப்பினருக்கு ஆண்டுத் தியானம், மரியாயின் சேனை, வறியோருக்கு உதவும் வின்சன்ட் டி போல் சபை என்று அது பாடசாலை நாளெங்கும் பரவிக் கிடக்கிறது. முதல் நன்மைக்கும் உறுதிபூசுதலுக்கும் ஆயத்தஞ் செய்வது பெரும்பாலும் பங்குக் கோயிலின் வேலை. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு அதற்காகவே நடைபெறுகின்றது. ஆனால் அந்த ஞாயிறு காலையைத் தனியார் கல்வி நிலையங்கள் விழுங்கிவிட்டன. தரம் 5 புலமைப்பரிசிலும் சாதாரண தரமும் நெருங்க நெருங்க மறைக்கல்வி வகுப்பின் வாங்குகள் வெறுமையாகின்றன. அறநெறிப் பாடசாலைகளை நடத்தும் சைவப் பெரியார்களும் இதே முறைப்பாட்டையே கூறுகின்றனர். ஞாயிறு காலைகளில் ரியூசன் வகுப்புகளை நிறுத்தும்படி வடக்கில் எத்தனையோ தடவை கோரிக்கை எழுந்தது. சமயம் மாறிவிடும் என்று அஞ்சும் பெற்றோர், பிள்ளை தன் சமயத்தையே அறியாமல் வளர்வதையிட்டு அவ்வளவாக அஞ்சுவதாகத் தெரியவில்லை.

முன்னர் வகுப்புக்கு வகுப்பு குருவானவரோ அருட்சகோதரியோ நின்றனர். இன்று துறவியர் தொகை குறைந்துவிட்டது. அதிபராக ஒரு குருவானவர் இருப்பார், கற்பிப்போரில் மிகப் பெரும்பாலானோர் பொதுநிலையினர். அவர்களிற் பலர் சைவர்கள். ஆகவே ஒரு பாடசாலையின் கத்தோலிக்கத் தன்மை எதில் தங்கியிருக்கிறது என்பது திருச்சபையே தன்னிடம் கேட்டுக்கொள்ளும் கேள்வியாகிவிட்டது.

பிற சமயத்துப் பிள்ளைகளின் நிலை என்ன? க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் சமயம் கட்டாய பாடம். சைவப் பிள்ளை சைவநெறிக்கும், முஸ்லிம் பிள்ளை இஸ்லாம் பாடத்துக்கும் தோற்ற வேண்டும். எனவே மதம் மாற்றுவது என்ற பழைய அச்சத்துக்கு நடைமுறையில் இடம் மிகக் குறைவு. திருச்சபையின் போதனையும் அதற்கு இடந்தரவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையை வெளியிட்ட அதே நாளில், 1965 ஒக்டோபர் 28 இல், பிற சமயங்கள் பற்றிய அறிக்கையையும் வெளியிட்டது. முஸ்லிம்களைத் திருச்சபை மதிப்போடு நோக்குகிறது என்று அதில் வெளிப்படையாகக் கூறப்பட்டது. இந்து சமயத்தின் தியான, பக்தி மரபுகளும் அதிற் பேசப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் வந்த சமய சுதந்திரப் பிரகடனம், விசுவாசத்தை எவர் மீதும் திணிக்கலாகாது என்றது. 1850 இன் பாடசாலையை 1965 க்குப் பிந்திய பாடசாலையோடு குழப்பிக்கொள்வது நியாயமாகாது.

எனினும் கோட்பாடு வேறு, நேரசூசி வேறு. சைவநெறிக்கு ஆசிரியர் கிடைப்பது தமிழ்ப் பகுதிகளில் பெரும் சிரமமன்று. இஸ்லாத்துக்கு ஆசிரியர் கிடைப்பதே கடினம். ஒரு வகுப்பில் இரண்டோ மூன்றோ முஸ்லிம் பிள்ளைகள் மட்டும் இருக்கும்போது, சமய பாடவேளையில் அவர்கள் நூலகத்தில் அமர்த்தப்படுவதும், பாடத்தை வீட்டில் தாமே படித்துப் பரீட்சைக்குப் போவதும் நேர்கின்றன. முஸ்லிம் பாடசாலைகள் ரமழானில் விடுமுறை விடுகின்றன. பிற பாடசாலைகளில் படிக்கும் முஸ்லிம் பிள்ளை நோன்போடு வகுப்பில் இருக்கின்றது. அன்று உடற்பயிற்சிப் பாடத்தில் ஓடச் சொல்லாத ஆசிரியர் ஒருவரை அப்பிள்ளை வாழ்நாளெல்லாம் நினைத்திருக்கும். இவை பெரிய கொள்கைப் பிரச்சினைகள் அல்ல. ஆனால் ஒரு வீட்டாரின் நம்பிக்கை கட்டப்படுவதும் இடிந்து விழுவதும் இவற்றிலேதான்.

கல்வித் தரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒழுங்கு, நேரந்தவறாமை, ஆங்கிலம் என்பன அவற்றின் பழைய புகழ். அந்த ஒழுங்கின் ஒரு பகுதி பிரம்பினால் வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கல்வி அமைச்சின் 2005/17 ஆம் இலக்கச் சுற்றறிக்கை உடல் ரீதியான தண்டனையைத் தடை செய்தது. 'பாதர் அடித்ததால்தான் நாங்கள் முன்னேறினோம்' என்று பழைய மாணவர் ஒன்றுகூடல்களில் இன்றும் சிலர் பெருமை பேசுகின்றனர். அடி தாங்காமல் படிப்பை விட்டவர்கள் அந்த ஒன்றுகூடல்களுக்கு வருவதில்லை.

ஆங்கிலத்தின் பெயரால் தமிழ் புறக்கணிக்கப்பட்டதும் அந்நாளைய குறையே. தனிநாயகம் அடிகளார் ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியிலும் யாழ்ப்பாணப் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் படித்தவர். ஆனால் அவர் தமிழை ஆழமாகக் கற்றது குருவாகி, தமிழகத்தின் வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்த காலத்திலும், பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலுமே ஆகும். 1964 இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றவருக்குச் சொந்த ஊர்ப் பாடசாலை தமிழ்ச் சுவையை ஊட்டவில்லை. மறுபுறம், பன்மொழிப் புலவரான தாவீது அடிகளார் 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிவதைக் கண்டு அதிர்ச்சியில் உயிர் நீத்தார். ஒரே மரபிலிருந்து வந்த இவ்விருவரையும் சேர்த்தே அம்மரபை நாம் மதிப்பிட வேண்டும்.

மாணவர் வாழ்வு என்றதும் கிழக்கில் உள்ளோர்க்கு நினைவுக்கு வருபவர் அருட்தந்தை யூஜின் ஹெபர்ட். அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவியான அவர், மட்டக்களப்பில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்தாட்டமும் தொழிற்கல்வியும் கற்பித்தார். பந்தை வாங்கிக் கூடையை நோக்கி ஓடும் பையனிடம் அவர் சமயம் கேட்டதில்லை என்பது ஊரறிந்த செய்தி. தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் கொன்று குவித்த 1990 ஆகஸ்டில், வாழைச்சேனைப் பகுதியிலிருந்து மட்டக்களப்பு திரும்பும் வழியில் அவரும் உடன் சென்ற இளைஞர் ஒருவரும் காணாமற்போயினர். இன்றுவரை திரும்பவில்லை. அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது யாழ் நகரத்துப் பாடசாலைகளிலும் வாங்குகள் வெறுமையாயின.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு இன்னொரு காயம். கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டிக் கத்தோலிக்க ஆலயங்களும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும் ஹோட்டல்களும் தாக்கப்பட்டன. சீயோனில் ஞாயிறு பாடசாலை முடித்து நின்ற சிறுவர்களும் மாண்டனர். முஸ்லிம்கள் மீது கை வைக்க வேண்டாம் என்று கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை வேண்டிக்கொண்டார். ஆயினும் பாடசாலை வாயில்களில் பைகள் சோதிக்கப்பட்டபோது, தலையை மூடிய தாய்மார் மீது பார்வைகள் வேறு விதமாக விழுந்தன. பிள்ளையை வேறு பாடசாலைக்கு மாற்றலாமா என்று எண்ணிய முஸ்லிம் பெற்றோரை நாம் குறை கூற முடியாது. மாற்றாமல் விட்டவர்களின் துணிவை அப்பாடசாலைகள் உணர்ந்திருக்க வேண்டும்.

இன்னொரு விடயம் எமக்கு உறுத்தலாகவே உள்ளது. கட்டணம் அறவிடாத பாடசாலைகள் என்று பெயர் இருப்பினும், வசதிக் கட்டணம், அபிவிருத்தி நிதி, காணிக்கை என்று வெவ்வேறு பெயர்களில் பணம் கேட்கப்படுகின்றது. நகரத்து உத்தியோகத்தரின் பிள்ளை, அவர் எம்மதத்தவராயினும், இதைத் தாங்கிக்கொள்ளும். கரையோரத்தில் வலை இழுக்கும் கத்தோலிக்கரின் பிள்ளைக்கு அது எட்டாத தொகை. எந்த ஏழைக் கத்தோலிக்கருக்காக இப்பாடசாலைகள் எழுந்தனவோ, அவர்களின் பிள்ளைகள் பக்கத்து அரச பாடசாலையில் இருக்க, பிற சமயத்து வசதியுள்ளோர் பிள்ளைகள் புனிதரின் பெயர் பொறித்த சின்னத்தை அணிந்து செல்கின்றனர். இதைக் குருமார் அறியாதவர்கள் அல்லர்.

அடுத்த தடவை விண்ணப்பப் பத்திரம் வாங்கச் செல்லும் பெற்றோர், பெறுபேற்றுப் பலகையைப் பார்த்த பின்னர் அலுவலகத்தில் நேரசூசியையும் கேட்டுப் பார்க்கட்டும். சமய பாடவேளைக்கு நேராகச் சைவநெறிக்கும் இஸ்லாத்துக்கும் ஓர் ஆசிரியரின் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா, அல்லது அந்த இடம் வெறுமையாக இருக்கிறதா என்பதை அங்கேயே அறிந்துகொள்ளலாம்.