பாட்டியின் மாத்திரை நாய்க்கு ஆகுமா?

தெப்ராவில் எங்கள் பக்கத்து வீட்டு நாய்க்குப் பத்து வயது. எடை 20 கிலோ. கொஞ்ச நாளாகப் பின்னங்காலை இழுத்து இழுத்துத்தான் படி ஏறியது. "எனக்கும் இதே மூட்டுவலிதானே" என்று பாட்டி தம்முடைய டைக்ளோஃபெனாக் மாத்திரையில் பாதியைச் சோற்றில் வைக்கப் போனார். நல்ல வேளை, பேத்தி தடுத்துக் கால்நடை மருத்துவரிடம் அழைத்துப் போனாள்.

மூட்டில் எலும்புகள் உரசாதபடி வழவழப்பான குருத்தெலும்பு உண்டு. வயதாக ஆக அது தேயும், மூட்டு வீங்கும். அப்போது அங்கே உருவாகும் 'புரோஸ்டகிளாண்டின்' என்னும் பொருள்தான் வலியைக் கூட்டுகிறது. வலி மாத்திரைகள் அதன் உற்பத்தியைத் தடுக்கின்றன. சிக்கல் என்னவென்றால், இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காப்பதும், சிறுநீரகத்துக்கு இரத்தம் சீராகச் செல்ல உதவுவதும் இதே பொருள்தான். அதையும் சேர்த்து அடைத்தால் இரைப்பையில் புண் வரும், சிறுநீரகம் பழுதாகும். மனிதர் தாங்கும் அளவை நாய் தாங்காது.

மருத்துவர் தந்தது மெலோக்சிகாம் திரவம். முதல் நாள் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், பிறகு 0.1. அதாவது, இந்த நாய்க்கு நாளொன்றுக்கு 2 மில்லிகிராம். மனிதருக்கான மெலோக்சிகாம் மாத்திரை ஒன்றிலோ பொதுவாக 7.5 மில்லிகிராம் இருக்கும். எத்தனை மடங்கு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்!

பாட்டியின் மாத்திரைக்கு இன்னொரு கதையும் உண்டு. இந்தியாவில் நோயுற்ற மாடுகளுக்கு டைக்ளோஃபெனாக் கொடுத்தார்கள். இறந்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகம் செயலிழந்தது. வெளியேற முடியாத யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின் மேல் வெள்ளைப் பொடியாகப் படிந்தது. 1990களில் தொடங்கி ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளில் வெண்முதுகுப் பாறுகளில் 99 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தன. காரணம் 2004இல்தான் தெரிந்தது. 2006இல் இந்தியா அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது. அதற்கு மாற்றாக வந்தது எது தெரியுமா? பாறுகளிடம் சோதித்து, தீங்கில்லை என்று கண்ட அதே மெலோக்சிகாம்! தமிழ்நாட்டில் நீலகிரியை ஒட்டிய மாயாறு பள்ளத்தாக்கின் நீர்மத்தி மரங்களில் இன்றும் சில பாறுகள் கூடு கட்டுகின்றன.

பக்கத்து வீட்டு நாய் இப்போது படி ஏறுகிறது, மெதுவாகத்தான். எடையையும் குறைக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். ரொட்டி சானாய் போடுவதை நிறுத்திவிட்டதாகப் பாட்டி சொல்கிறார். பேத்தி நம்பவில்லை.