இனிப்பும் பிள்ளைகளின் துடுக்கும்

"இனிப்பைக் கொடுக்காதீங்க, அப்புறம் வீட்டையே தலைகீழாக்கிடுவான்!" தீபாவளி வந்துவிட்டால் நம் வீடுகளில் தாய்மார்கள் சொல்வது இது. லட்டு தின்ற பிள்ளை ஓடியாடுவது கண்கூடுதான். ஆனால் அன்றைக்குப் பட்டாசு உண்டு, உறவுக்கூட்டம் உண்டு, தூக்கமும் குறைவு. இதில் லட்டின் பங்கு எவ்வளவு என்று எப்படிப் பிரித்தறிவது?

வியாபாரத்தில் யாருடைய சரக்கு என்று தெரிந்துவிட்டால் கண் ஒரு பக்கம் சாயும். பெயரை மறைத்து மாதிரியைப் பார்த்தால்தான் தரம் தெரியும். விஞ்ஞானிகளும் இதையே செய்கிறார்கள். எது சர்க்கரை, எது மாற்று இனிப்பு என்பது பிள்ளைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது, நடத்தையை அளப்பவருக்கும் தெரியாது.

1994-இல் அமெரிக்காவில் வோல்ரைச் குழுவினர் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். "சர்க்கரை பட்டாலே இவனுக்கு ஆகாது" என்று பெற்றோர் சொன்ன, 6 முதல் 10 வயதுப் பிள்ளைகள் 23 பேர் அதில் இருந்தனர். மூன்று வாரம் சர்க்கரை, மூன்று வாரம் அஸ்பார்டேம், மூன்று வாரம் சாக்கரின் என உணவு மாறியது. நடத்தையிலும் அறிவுத்திறனிலும் 39 அளவைகள் எடுத்தார்கள். ஒன்றில்கூடக் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மறு ஆண்டு 23 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் முடிவு அதுவே. மிகச் சிறிய விளைவோ, சில பிள்ளைகளுக்கு மட்டும் பாதிப்போ இருக்கலாம் என்பதை மட்டும் அவர்கள் மறுக்கவில்லை.

அப்படியானால் தாய் கண்டது பொய்யா? ஹூவர், மிலிச் இருவரும் 1994-இல் 5 முதல் 7 வயதுச் சிறுவர்கள் 35 பேரை அவரவர் தாயாருடன் அழைத்தார்கள். பிள்ளைகள் யாருக்கும் சர்க்கரை தரவில்லை. ஆனால் பாதித் தாய்மாரிடம் "சர்க்கரை கொடுத்திருக்கிறோம்" என்றார்கள். அந்தத் தாய்மார் தம் பிள்ளை அதிகம் துள்ளுவதாகச் சொன்னார்கள். பக்கத்திலேயே நின்று கூடுதலாகக் குறையும் சொன்னார்கள்.

எல்லா நம்பிக்கையும் இப்படித் தோற்பதில்லை. 2007-இல் சவுதாம்ப்டன் ஆய்வு, சில செயற்கை நிறங்களும் சோடியம் பென்சோயேட்டும் சேர்ந்த பானத்தால் பிள்ளைகளின் துடுக்கு ஓரளவு கூடியதைக் காட்டியது. 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த ஆறு நிறங்கள் கலந்த உணவில் எச்சரிக்கை அச்சிட வேண்டும்.

நான் சமணன். இரவில் உண்ணாமை எங்களுக்கு நோன்பு, அதற்கு ஆய்வுக்கூடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் "இதைத் தின்றால் இன்னது நடக்கும்" என்றால் அதைச் சோதித்துத்தான் ஆகவேண்டும். பல்லுக்காகவும் உடம்புக்காகவும் இனிப்பைக் குறையுங்கள். அதைத் தின்றான் என்பதற்காகப் பிள்ளையை முன்கூட்டியே "அடங்காதவன்" என்று பார்க்க வேண்டாமே.