மண் மறப்பதில்லை – 9: எரு போட்டால் நஞ்சு போய்விடுமா?

தெளித்த களைக்கொல்லி முதல் மழைக்குள் எங்கெங்கே போகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். தொடர்ந்து படிப்பவர்களுக்கு அது நினைவிருக்கும். மீண்டும் எழுதி இடத்தை அடைக்கப் போவதில்லை. எருவோடு சேர்ந்தே வயலுக்குள் நுழையும் களைக்கொல்லியைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் அதற்கு முன் தீர்க்க வேண்டிய கணக்கு ஒன்று குறுக்கே நிற்கிறது. நாலு வண்டி தொழுவுரம் அடித்துவிட்டால் மருந்தின் வீரியமெல்லாம் போய்விடும் என்பது பலரும் சொல்லும் பேச்சு. அதில் பாதி உண்மை. மண்ணில் விழுந்த மருந்து கண்ணில் படாமல் போக முக்கியமான வழிகள் இரண்டு: கரிமப் பொருளில் ஒட்டிக்கொண்டு பதுங்கிவிடலாம், அல்லது நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்க்கலாம். எரு இரண்டுக்குமே கை கொடுக்கிறது. சிக்கல் என்னவென்றால் இந்த இரண்டும் ஒன்றையொன்று தடுக்கக்கூடியவை. பதுங்கிய மருந்து தின்பவர் வாய்க்கு எட்டாது.

அட்ரசினையே எடுத்துக்கொள்வோம். மக்காச்சோளத்திலும் கரும்பிலும் நம் விவசாயிகளுக்குப் பழக்கமான மருந்து. 1958-ல் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது. அது மண்ணில் பாதியாகக் குறையப் பொதுவாக இரண்டு மாதம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். மண்ணையும் ஈரத்தையும் வெப்பத்தையும் பொறுத்து இரண்டு வாரத்திலும் முடியலாம், அரை ஆண்டுக்கு மேலும் இழுக்கலாம். கரிமம் குறைந்த மணற்பாங்கான நிலத்தில் அது நீரோடு கீழே இறங்கி நிலத்தடி நீரைச் சேர்கிறது. குடிநீரில் ஒரு பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பாவின் வரம்பு. நிலத்தடி நீரில் அட்ரசின் அதைத் தாண்டிக்கொண்டே இருந்ததால்தான் ஜெர்மனி 1991-லும், பின்னர் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அதைக் கைவிட்டன. நன்கு மட்கிய எரு இங்கே செய்யும் உதவி பெரிது. அதன் கரிமம் மருந்தைப் பிடித்து வைக்கிறது. மண்நீரில் கரைந்திருக்கும் அளவு குறைகிறது. அடுத்த பயிரின் வேருக்கும் கிணற்றுக்கும் போய்ச் சேர்வது மட்டுப்படுகிறது. எரு போட்ட நிலத்தில் அடுத்த போகம் நன்றாக வந்தது என்று விவசாயி சொன்னால் அது வெறும் நம்பிக்கை அல்ல.

ஆனால் பிடித்து வைத்தது தீர்ந்துபோனதாகாது. ஜெர்மனியின் யூலிச் ஆய்வு மையத்தில் 1983-ல் கதிரியக்கக் கார்பன் அடையாளமிட்ட அட்ரசினை, திறந்தவெளியில் பதித்த மண் தொட்டியில் இட்டார்கள். 22 ஆண்டுகள் கழித்து அந்த மண்ணைச் சோதித்தபோது, சிதைவுப் பொருள்கள் மட்டுமல்லாமல் உருமாறாத அட்ரசினும் அதில் இருந்தது. இரண்டு மாதத்தில் பாதி என்ற கணக்குப்படி பார்த்தால் அது என்றோ சுவடில்லாமல் போயிருக்க வேண்டும். கரியின் பிடி இதைவிட இறுக்கம். கோதுமைத் தாளையும் நெல் வைக்கோலையும் எரித்த கரிச்சாம்பல், டையூரான் என்ற களைக்கொல்லியை வெறும் மண்ணைவிட 400 முதல் 2,500 மடங்கு வலுவாகப் பிடிப்பதை ஆர்கன்சா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2003-ல் காட்டியது. அப்படிப் பிடித்த மருந்து நுண்ணுயிருக்கும் எட்டாது, களைக்கும் எட்டாது. களை சாகவில்லை என்றால் விவசாயி அடுத்த முறை அளவைக் கூட்டுவார். நஞ்சைக் குறைக்கப் போட்ட கரி, நஞ்சைக் கூட்டித் தெளிக்க வைக்கும் நிலை இப்படித்தான் வருகிறது.

தின்பவர்களின் கதைதான் இந்த வாரத்தின் பெரும்பகுதியை விழுங்கப் போகிறது, தவிர்க்க முடியவில்லை. களைக்கொல்லி சிந்தி ஊறிய மின்னசோட்டா மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஒரு சூடோமோனாஸ் பாக்டீரியாவைப் பற்றி 1995-ல் அறிவித்தார்கள். அட்ரசினையே நைட்ரஜன் உணவாகக் கொண்டு வாழும் உயிர் அது. அட்ரசின் மூலக்கூறில் ஐந்து நைட்ரஜன் அணுக்கள் இருக்கின்றன. மருந்தை உடைத்து அவற்றை எடுத்துக்கொள்கிறது. முதல் வெட்டைப் போடும் நொதி, மூலக்கூறிலிருந்து குளோரினைக் கழற்றி எறிகிறது. அதோடு களையைக் கொல்லும் திறன் போய்விடுகிறது. இந்த நொதிக்கு மிக நெருங்கிய உறவு, தட்டு செய்யும் மெலமினை உடைக்கும் வேறொரு பாக்டீரியாவின் நொதி. இரண்டிலும் 475 அமினோ அமிலங்கள்; வேறுபடுபவை ஒன்பதே ஒன்பது. ஆனாலும் ஒன்றின் வேலையை மற்றது செய்வதில்லை: அட்ரசினை உடைப்பது மெலமினைத் தொடாது, மெலமினை உடைப்பது அட்ரசினை ஏறக்குறைய சீண்டுவதே இல்லை. அட்ரசின் சந்தைக்கு வந்து 40 ஆண்டு ஆவதற்குள், ஒன்பது இடங்கள் மாறிய ஒரு புதுக் கருவி மண்ணுக்குள் உருவாகியிருக்கிறது. அந்தக் கருவியைச் செய்யும் மரபணுக்கள் பாக்டீரியாவுக்குப் பாக்டீரியா கைமாறும் பிளாஸ்மிடில் உட்கார்ந்திருக்கின்றன. பல கண்டங்களின் மண்ணிலும் அவை கிட்டத்தட்ட மாறாமல் கிடைத்திருக்கின்றன. இந்த ஒன்பதைப் பற்றி மட்டுமே ஒரு வாரம் எழுதலாம்.

எருவின் கணக்கு இந்தப் பாக்டீரியாவின் பசியில்தான் முடிச்சிட்டிருக்கிறது. அது அட்ரசினைத் தேடிப் போவது நைட்ரஜனுக்காக. நைட்ரஜன் எளிதாகக் கிடைத்தால் இந்தக் கடினமான வேலையை ஏன் செய்ய வேண்டும்? யூரியா போன்ற உரம் தாராளமாக இருக்கும்போது அட்ரசின் சிதைவு மந்தப்படுவது, வளர்ப்புக் குடுவையிலும் மண்ணிலும் திரும்பத் திரும்பப் பார்த்த சங்கதி. ஆகவே எரு என்று பொதுவாகச் சொல்வதில் பொருளில்லை. கோழி எருவில் ஒரு பங்கு நைட்ரஜனுக்குக் கரிமம் 10 பங்கை ஒட்டியே இருக்கும். வைக்கோலில் 60, 70. கரும்புச் சோகையில் 100-ஐத் தாண்டும். கோழி எரு பயிருக்கு விருந்து. அட்ரசின் தின்னும் பாக்டீரியாவை அது சோம்பேறியாக்கக்கூடும். சோகையும் வைக்கோலும் கரிமத்தை அள்ளிக் கொடுத்து நைட்ரஜன் பஞ்சத்தை உண்டாக்குகின்றன; அந்தப் பஞ்சம் பாக்டீரியாவை மருந்தின் பக்கம் திருப்பக்கூடும்.

இதற்கு மூன்று மறுப்புகள் வரும். எல்லாப் பாக்டீரியாவும் இப்படி நைட்ரஜனுக்கு மயங்குமா என்பது முதலாவது. மயங்காது, நைட்ரஜன் இருந்தாலும் சளைக்காமல் அட்ரசினை உடைக்கும் இனங்களும் உண்டு. அதனால்தான் ஒரே எரு ஒரு வயலில் சிதைவை விரைவாக்கி, இன்னொன்றில் மந்தமாக்குகிறது. மேலும், ஆண்டுதோறும் அட்ரசின் கண்ட நிலத்தில்தான் தின்பவர்கள் பெருகியிருப்பார்கள். அங்கே சில நாள்களிலேயே மருந்து பாதியாகிவிடுவதுண்டு. அதுவரை மருந்தே காணாத நிலத்தில் வைக்கோலை மட்டும் கொட்டினால் அவர்கள் உடனே வந்துவிட மாட்டார்கள். வைக்கோலும் சோகையும் பயிரின் நைட்ரஜனையும் சேர்த்துப் பிடுங்கிவிடுமே என்பது இரண்டாவது. நியாயமான கேள்வி, விடை காலத்தில் இருக்கிறது. அறுவடை முடிந்து நிலம் சும்மா கிடக்கும்போது, ஈரம் இருக்கையிலேயே சோகையை மண்ணோடு கலந்துவிட்டால் பஞ்சம் பாக்டீரியாவுக்கு மட்டும். விதைப்பை ஒட்டி மட்கிய எருவோ கோழி எருவோ போட்டால் விருந்து பயிருக்கு. மருந்து ஒட்டிக்கொண்டு சும்மா கிடந்தால் என்ன கெட்டுவிட்டது என்பது மூன்றாவது. கிணற்றுக்கு உடனே இறங்குவதைவிட அது எவ்வளவோ மேல்தான். ஆனால் அதைச் சேமிப்புக் கிடங்கு என்றே கருத வேண்டும். கரிமம் மட்கித் தேய்ந்தால் பிடி தளரும். எருவிலிருந்து நீரில் கரையும் நுண்ணிய கரிமம் மருந்தையும் தூக்கிக்கொண்டு கீழே இறங்குவதும் உண்டு. மருந்து மாறினால் கணக்கும் மாறும். கிளைபோசேட்டைப் பிடித்து வைப்பவை பெரும்பாலும் மண்ணின் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள். எருவோடு வரும் பாஸ்பேட் அந்த இடத்துக்குப் போட்டியிட்டு அதை விடுவித்துவிடலாம்.

ஆக, எரு போடுங்கள். ஆனால் போட்டதாலேயே நஞ்சு தீர்ந்தது என்று கணக்கை மூடிவிடாதீர்கள். எந்த மருந்து, எந்த எரு, எப்போது என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்டால்தான் விடை வரும். எருவே நஞ்சைச் சுமந்து வந்த கதை, அதாவது வாஷிங்டன் மாநிலத்தில் குப்பை உரம் போட்ட தோட்டங்களில் தக்காளியைச் சுருள வைத்த குளோபிரலிட், அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகிறது. அதற்குள் மக்காச்சோளம் அறுத்த நிலத்தில் உளுந்தோ காய்கறியோ விதைக்க இருப்பவர்கள் ஒன்று செய்யலாம். அந்த வயல் மண்ணை ஒரு தொட்டியிலும், மருந்தே படாத மண்ணை இன்னொன்றிலும் நிரப்பி, இரண்டிலும் வெள்ளரி விதை போட்டு மூன்று வாரம் பாருங்கள். வயல் மண்ணில் மட்டும் இலையோரம் மஞ்சளித்துக் கருகினால் அட்ரசின் இன்னும் இருக்கிறதென்று சந்தேகப்படுங்கள், விதைப்பைத் தள்ளிப்போடுங்கள்.